ஜப்பானிய ராணுவ வரலாறு படிக்கிறவர்கள் வாங்க: மேலிடத்தை மீறியவனுக்கு என்ன கிடைத்தது?

#1 கறையான்

கொஞ்ச காலமாக 1931 முதல் 1945 வரையிலான ஜப்பானைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் காலத்துப் புத்தகங்களில் பாதி கொடுமைகளின் பட்டியல், மீதி பாதி போர்க்கள வரைபடம். சீனாவின் நான்ஜிங்கில் நடந்த படுகொலை, உயிரோடு மனிதர்களை வைத்துக் கிருமிச் சோதனை நடத்திய 731ஆம் படைப்பிரிவு, பிலிப்பைன்ஸில் போர்க்கைதிகளைச் சாகச் சாக நடத்திய பத்தான் நடைப்பயணம் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. கட்டுப்பாட்டுக்குப் பேர்போன படை என்று நாம் நினைக்கிற அந்தப் படையில், மேலிடத்தை மீறியவனுக்கெல்லாம் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள்.

1928 ஜூனில் மஞ்சூரியாவின் (சீனாவின் வடகிழக்குப் பகுதி) படைத்தலைவர் சாங் சோலின் போன ரயிலுக்குக் குண்டு வைத்துக் கொன்றது அங்கே நின்ற ஜப்பானின் குவாந்துங் படையின் கர்னல் கொமோட்டோ. தோக்கியோவிலிருந்து யாரும் உத்தரவு போடவில்லை. பிரதமர் தனக்கா உண்மையை வெளியில் சொல்லித் தண்டிக்கப் பார்த்தார், ராணுவம் விடவில்லை. கடைசியில் பிரதமர்தான் பதவியிழந்தார். கொமோட்டோவுக்குக் கட்டாய ஓய்வு, பிறகு மஞ்சூரிய ரயில்வேயில் இயக்குநர் பதவி.

1931 செப்டம்பர் 18. மஞ்சூரியாவில் முக்டென் நகரத்துப் பக்கத்தில் தங்கள் சொந்த ரயில்பாதையிலேயே சின்னதாக ஒரு குண்டு வைத்துவிட்டுச் சீனர்கள் மேல் பழி போட்டார்கள். சேதம் எவ்வளவு என்றால், அதன்பிறகு ஒரு ரயில் அதே தண்டவாளத்தின் மேல் போய்ச் சேர்ந்தது. திட்டம் போட்டவர்கள் இஷிவாரா, இத்தாகாகி என்ற இரண்டு அதிகாரிகள். கொரியாவிலிருந்த படைத்தளபதி ஹயாஷி, பேரரசரின் அனுமதி இல்லாமலே படையை எல்லை தாண்டி அனுப்பினார். அமைச்சரவை மறுநாளே கூடி, ஆனது ஆகிவிட்டது என்று செலவுக்குப் பணம் ஒதுக்கியது. பத்திரிகைகள் அவருக்கு 'எல்லை தாண்டிய தளபதி' என்று பட்டம் சூட்டின. 1937இல் அவர் பிரதமர். இத்தாகாகி 1938இல் போர் அமைச்சர். இஷிவாரா தலைமைத் தளபதியகத்துக்கே போய்விட்டார்.

இஷிவாராவின் மீதிக் கதைதான் சுவையானது. 1936 கடைசியில் குவாந்துங் படைக்காரர்கள் உள் மங்கோலியாவில் புதிதாக ஒரு சதி வேலை தொடங்க, இவரே தோக்கியோவிலிருந்து போய் "அத்துமீறாதீர்கள்" என்று புத்தி சொல்கிறார். அங்கிருந்த முட்டோ அகிரா என்ற அதிகாரி, "மஞ்சூரியாவில் நீங்கள் செய்ததைத்தானே நாங்களும் செய்கிறோம்" என்றாராம். கூட இருந்த இளவட்டங்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு இஷிவாராவிடம் பதில் இல்லை.

இப்போது 1944க்கு வாருங்கள். இம்பால் படையெடுப்பு. ஜெனரல் முத்தாகுச்சி மூன்று டிவிஷன்களை மணிப்பூர் மலைக்குள் அனுப்புகிறார். உணவுக்கு ஏற்பாடு? மாடுகளை ஓட்டிக்கொண்டு போங்கள், சுமையும் தூக்கும், பிறகு அடித்துச் சாப்பிடலாம். மாடுகள் ஆற்றிலும் மலையிலும் போய்ச் சேர்ந்தன. கொஹிமாவில் இருந்த 31ஆம் டிவிஷன் தளபதி சாத்தோ கொட்டோகு, கிளம்பிய நாளிலிருந்து ஒரு தோட்டாவும் வரவில்லை, ஒரு மணி அரிசியும் வரவில்லை என்று தந்தி மேல் தந்தி அடித்துப் பார்த்தார். மே கடைசியில் உத்தரவை மீறிப் பின்வாங்கினார். பட்டினியில் இருந்த ஆட்களில் எவ்வளவு பேரைக் காப்பாற்ற முடியுமோ அவ்வளவு பேரைக் காப்பாற்ற.

அவருக்குக் கிடைத்தது என்ன? பதவி பறிப்பு. ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், அங்கே பேசிக்கொள்கிறேன் என்று காத்திருந்தார். பேசவிட்டால் மேலே இருப்பவர்கள் பெயரெல்லாம் வெளியே வரும். டாக்டர்களை வைத்து மனநிலை சரியில்லை என்று எழுதி வாங்கி, வழக்கே இல்லாமல் மூடிவிட்டார்கள். சுமார் 30,000 பேரைச் சாகக் கொடுத்த முத்தாகுச்சிக்கு 1945 ஜனவரியில் ராணுவப் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பொறுப்பு. 1937 ஜூலையில் மார்க்கோ போலோ பாலத்தருகே சீனப் போர் மூண்டபோது அங்கிருந்த ரெஜிமெண்டுக்குத் தலைவரும் இதே முத்தாகுச்சிதான்.

போரைப் பெரிதாக்க மீறினால் வீரன், ஆளைக் காப்பாற்ற மீறினால் பைத்தியம். என் வாசிப்பு இங்கேதான் நிற்கிறது. மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

#2 ஓய்வு வாத்தியார்

தம்பி, நன்றாகத் தொடங்கியிருக்கிறீர்கள். அதிகாரிகளின் குணத்தோடு நிறுத்திவிட வேண்டாம், சட்டத்தையும் பாருங்கள். 1889ஆம் ஆண்டு மெய்ஜி அரசியல் சட்டத்தின் 11ஆம் பிரிவு: தரைப்படைக்கும் கடற்படைக்கும் தலைமை பேரரசருக்கே. அதற்கு அவர்கள் சொன்ன வியாக்கியானம், படை நடவடிக்கையில் அமைச்சரவைக்கு வாயே கிடையாது என்பது. தலைமைத் தளபதி பிரதமரைத் தாண்டி நேரே அரண்மனைக்குப் போகலாம்.

இன்னொரு பிடி, போர் அமைச்சர் பணியிலிருக்கும் ஜெனரலாக இருக்க வேண்டும் என்ற விதி. 1900இல் வந்தது, 1913இல் தளர்த்தினார்கள், 1936இல் திரும்ப வந்தது. ராணுவத்துக்கு ஒரு அரசு பிடிக்கவில்லையா? தன் அமைச்சரை ராஜினாமா செய்யச் சொல்லும், அடுத்த ஆளைத் தராது. அரசு கவிழும். 1940இல் யோனாய் அமைச்சரவையை அப்படித்தான் கவிழ்த்தார்கள். 1937இல் உகாக்கி என்ற முன்னாள் ஜெனரலுக்கே அமைச்சரவை அமைக்க ஆள் தரவில்லை. அவர் ஒரு காலத்தில் படையைக் குறைத்தவர், அந்தக் கோபம்.

மக்களும் சும்மா இருக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். 1932 மே 15 அன்று பிரதமர் இனுகாயை வீட்டுக்குள் புகுந்து சுட்டது இளம் கடற்படை அதிகாரிகள். வழக்கு நடந்தபோது கருணை காட்டச் சொல்லி நாடெங்கும் இருந்து லட்சக்கணக்கில் மனு. சிலர் தங்கள் விரலை வெட்டி மனுவோடு அனுப்பினார்கள். சுட்ட அதிகாரிகளில் ஒருவருக்கும் தூக்கு இல்லை, சில ஆண்டுகளில் எல்லோரும் வெளியே. அதே வருடம் ஷாங்காயில் வெடிகுண்டுக் குழாயோடு செத்துப்போன மூன்று சிப்பாய்களை வைத்துச் சில வாரங்களுக்குள் பாட்டு, நாடகம், சினிமா எல்லாம் வந்துவிட்டன. பத்திரிகைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு விற்றன.

1940 பிப்ரவரியில் சாய்ட்டோ தக்காவோ என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் எழுந்து, சீனாவில் எதற்காகச் சண்டை போடுகிறோம், எப்போது முடியும் என்று கேட்டார். பேச்சில் பெரும்பகுதியை அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார்கள். அடுத்த மாதம் அவரையே வெளியேற்றினார்கள், அதுவும் ராணுவம் அல்ல, சக உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு. 1942 தேர்தலில் அரசின் ஆதரவுப் பட்டியலில் இடமில்லாமலே நின்று தன் தொகுதியில் ஜெயித்து வந்தார் மனுஷர். அவரைப் பற்றி நம் பக்கம் யாரும் எழுதுவதில்லை.

#3 தென்பெண்ணை

எல்லாம் சரி. ஆனால் இந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் யார்? பெரும்பாலும் அமெரிக்கர்கள், பிரிட்டிஷ்காரர்கள். அவர்கள் இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் செய்ததற்குப் பெயர் 'நிர்வாகம்', ஜப்பான் செய்தால் 'ஏகாதிபத்திய வெறி'. 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் பட்டினியில் செத்தது எந்த நீதிமன்றத்துக்குப் போனது? ஒரே இரவில், 1945 மார்ச் 10, தோக்கியோவில் ஏறத்தாழ 1,00,000 பேரை எரித்ததற்கு யாரைத் தூக்கில் போட்டார்கள்?

போருக்குப் பின் நேசநாடுகள் ஜப்பானியத் தலைவர்கள் மேல் நடத்திய தோக்கியோ விசாரணையில் 11 நீதிபதிகளில் எல்லோரையும் விடுதலை செய்யச் சொன்ன ஒரே ஒருவர் நம் ராதாபினோத் பால். அதையும் கொஞ்சம் படியுங்கள். நேதாஜி யாரோடு கைகோத்தார் என்பதையும் மறக்க வேண்டாம்.

#4 கறையான்

தென்பெண்ணை, தோக்கியோ குண்டுவீச்சு பற்றியும் வங்காளம் பற்றியும் நீங்கள் கேட்பது நியாயமான கேள்விகள். வென்றவன் நடத்திய நீதிமன்றம்தான் அது. பால் சொன்னதும் முக்கியமாக அதுவே: ஆக்கிரமிப்புப் போர் தொடுப்பது தனிநபர் குற்றம் என்று செயல் நடந்த காலத்தில் சட்டம் இல்லை, எல்லோரும் சேர்ந்து ஒரே சதி செய்தார்கள் என்பது நிரூபணம் ஆகவில்லை. சட்டத்தரப்பில் வலுவான வாதம். 'ஒரே சதி' விஷயத்தில் நான் அவர் பக்கம். நான் முதல் பதிவில் எழுதியதெல்லாம் சதி அல்லவே, ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்த கூத்து.

ஆனால் அதே தீர்ப்பில் அவர் நான்ஜிங் பற்றி என்ன எழுதினார் என்பதை யாரும் பகிர்வதில்லை. பொதுமக்கள் மேலும் கைதிகள் மேலும் ஜப்பானியப் படை கொடுமைகள் செய்தது என்பதற்குச் சாட்சியம் மிக வலுவாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் எழுதினார். அவர் கேட்டது, இந்தக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் அதற்கு உத்தரவிட்டதாக நிரூபித்தீர்களா என்று. 'நடக்கவே இல்லை' என்பதும் 'இவர்தான் செய்தார் என்று காட்டவில்லை' என்பதும் ஒன்றா? 2005இல், போரில் இறந்த ஜப்பானியப் படையினரைத் தெய்வமாக வைத்து வணங்கும் தோக்கியோவின் யசுகுனி ஆலயத்தில், அவருக்கு நினைவுக்கல் வைத்தவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சாட்சியம் குறைவாக இருந்ததற்கும் காரணம் உண்டு. 1945 ஆகஸ்ட் நடுவில் சரணடைய முடிவெடுத்த கையோடு ஆவணங்களை எரிக்க உத்தரவு போனது. அமெரிக்கர்கள் வந்து இறங்குவதற்கு இரண்டு வாரம் இருந்தது. தோக்கியோவின் இச்சிகாயாவில், போர் அமைச்சக வளாகத்தில் நாள்கணக்கில் புகை. மறுவருடம் அந்த விசாரணையே அதே இச்சிகாயாவில்தான் நடந்தது.

#5 கிள்ளான் செல்வி

வணக்கம். நான் மலேசியா. இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பாட்டி 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்லும்போது குரலே மாறிவிடும். தோட்டத்தில் ரப்பர் பால் வாங்க ஆள் இல்லை, அரிசி இல்லை, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. வாழைமரம் போட்ட நோட்டு அச்சடித்துக் கொடுத்தான், கடைசியில் அதைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனாலும் ஒன்றும் வாங்க முடியாது. பாட்டியின் அண்ணனைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) கூட்டிக்கொண்டு போனார்கள். நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வந்து சொல்லியிருக்கிறார். பிறகு சொல்லாமலே லாரியில் ஏற்றினார்கள். அவர் திரும்பவில்லை. செத்த தேதி தெரியாததால் ஆடி அமாவாசைக்குத்தான் படைப்போம்.

இப்போது தென்பெண்ணை அண்ணாவுக்கு. அந்தச் சயாம் பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், அதில் 12,000க்கும் மேல் செத்தார்கள். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000க்கும் மேல், மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கு மேல், அதில் பெரும்பகுதி நம் தமிழர். மொத்தம் செத்தவர்கள் 90,000 இருக்கும் என்கிறார்கள், சரியாக எண்ணியவர் இல்லை.

ஏன் எண்ணவில்லை? வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அவர்கள் படை அமைப்பு இருந்தது, டாக்டர் இருந்தார், ஒளித்து வைத்து டைரி எழுத ஆள் இருந்தது. ஒவ்வொரு சாவுக்கும் பெயர், எண், தேதி. எங்கள் ஆட்கள் குடும்பம் குடும்பமாக, டாக்டர் இல்லாமல், 1943 மழையில் காலரா வந்தபோது கும்பலாகப் புதைக்கப்பட்டார்கள். காஞ்சனாபுரியில் கைதிகள் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கல் வரிசையாக நிற்கிறது, புல் வெட்டிப் பூச்செடி வைத்து அவ்வளவு அழகாக. நான் போய்ப் பார்த்தேன். எங்கள் ஆட்களில் ஒருவர் பெயர் போட்ட கல்லைத் தேடினேன், அந்த வரிசைகளில் கிடைக்கவில்லை.

நேதாஜி மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. அவருடைய இந்திய தேசியப் படையான ஐ.என்.ஏ.வில் சேர்ந்ததும் இதே தோட்டத்துப் பிள்ளைகள்தான், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களும் சேர்த்து. ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) ஒரு வீட்டுப் பிள்ளை ஐ.என்.ஏ., அடுத்த வீட்டுப் பிள்ளை சயாம். ஐ.என்.ஏ.வில் சேர்ந்தால் சயாமுக்குத் தப்பலாம் என்று சேர்ந்தவர்களும் உண்டு என்று பாட்டி சொல்வார். அதனால் 'நேதாஜி கைகோத்தார், ஆகவே' என்று தொடங்கும் வாக்கியத்தை எங்களிடம் முடிக்க முடியாது அண்ணா.

#6 நிலா (ஒசாகா)

செல்வி அக்கா, இதை நீங்கள் எழுதியதால் சொல்கிறேன். யசுகுனி ஆலயத்தோடு ஒட்டி யூஷூகான் என்று ஒரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் முன்கூடத்தில் ஒரு ஜீரோ போர் விமானம், பக்கத்தில் கன்னங்கரேல் என்று பளபளவெனத் துடைத்த ஒரு நீராவி எஞ்சின், சி56 31. அது உங்கள் ரயில்பாதையில் ஓடிய எஞ்சின். 1943இல் பாதைத் திறப்பில் நின்ற எஞ்சின் என்று பெருமையாக வைத்திருக்கிறார்கள். நான் போனபோது பலகையை முழுக்கப் படித்தேன், கட்டியவர்கள் செத்ததைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. பள்ளிப் பையன்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆலயத்தில்தான் 1978 அக்டோபரில் தோக்கியோ விசாரணையில் ஏ வகுப்புக் குற்றவாளிகளாக (போரைத் திட்டமிட்டுத் தொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள்) நின்ற 14 பேரைச் சத்தமில்லாமல் சேர்த்தார்கள், மறுவருடம்தான் வெளியே தெரிந்தது. பேரரசர் ஹிரோஹிட்டோ 1975க்குப் பிறகு அங்கே போகவே இல்லை. அந்தப் 14 பேரைச் சேர்த்ததுதான் காரணம் என்று அவர் சொன்னதாக ஒரு அரண்மனை அதிகாரியின் குறிப்பேடு 2006இல் வெளிவந்தது.

ஒரு விஷயம் மட்டும், இங்கே இருக்கிறவள் என்பதால். ஜப்பானியர்கள் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள் என்று மொத்தமாக எழுதிவிடாதீர்கள். 731ஐத் தோண்டி எடுத்தவர்களும், நான்ஜிங்குக்குப் போய்ச் சாட்சிகளைத் தேடியவர்களும் ஜப்பானியர்களே. இயெனாகா சபுரோ என்ற வரலாற்றாசிரியர், தான் எழுதிய பள்ளிப் பாடநூலில் அரசு கைவைத்ததற்காக 1965இல் வழக்குப் போட்டார், பிறகு இன்னும் இரண்டு வழக்கு. கடைசித் தீர்ப்பு 1997இல். 731 பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடநூல்களைத் தணிக்கை செய்யும் முறை மட்டும் செல்லும் என்று விட்டுவிட்டது. இழப்பீடு 4,00,000 யென். 32 வருட வழக்குக்கு வக்கீல் டீ செலவுக்குக் காணாது.

#7 புதுவாசகன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பேரரசர் வெறும் பொம்மை என்று ஒரு புத்தகத்தில் படித்தேன், அவர்தான் எல்லாம் என்று இன்னொன்றில் இருக்கிறது. எதை நம்புவது?

#8 ஓய்வு வாத்தியார்

இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு அவர் என்ன செய்தார் என்று மட்டும் பாருங்கள்.

1936 பிப்ரவரி 26, பனி கொட்டுகிற காலை. இளம் அதிகாரிகள் 1,400க்கும் மேற்பட்ட சிப்பாய்களோடு தோக்கியோவின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நிதியமைச்சர் தக்காஹாஷியையும் வேறு பெரியவர்களையும் கொன்றார்கள். பிரதமர் என்று நினைத்து அவருடைய மைத்துனரைச் சுட்டார்கள், பிரதமர் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து தப்பினார். ஜெனரல்கள் வழவழ கொழகொழ என்று இழுத்தபோது, நீங்கள் அடக்காவிட்டால் காவற்படையை நானே நடத்திப் போகிறேன் என்றார் பேரரசர். இது அவருடைய ராணுவ உதவியாளர் ஹோஞ்சோவின் நாட்குறிப்பில் இருக்கிறது. நாலு நாளில் கலகம் முடிந்தது. ஆக, வேண்டும்போது வாய் திறக்கத் தெரியும்.

1941 செப்டம்பரில் தலைமைத் தளபதி சுகியாமாவிடம் கேட்டார்: சீனப் போர் ஒரு மாதத்தில் முடியும் என்றீர், நாலு வருடம் ஆகிவிட்டதே? சீனாவின் உட்பகுதி ரொம்பப் பரந்தது என்றார் சுகியாமா. பசிபிக் அதைவிடப் பரந்தது இல்லையா என்று கேட்டார். பிரதமர் கோனோயே எழுதி வைத்தது இது. அவ்வளவு சரியாகக் கேட்டவர் மறுநாள் கூட்டத்தில் தாத்தாவின் கவிதை ஒன்றைப் படித்துவிட்டு உட்கார்ந்தார். டிசம்பர் 1ஆம் தேதி போருக்குச் சம்மதம் தந்தார்.

1945 பிப்ரவரியில் அதே கோனோயே போய், தோல்வி உறுதி, இப்போதே முடித்துவிடலாம் என்றார். இன்னொரு தடவை போரில் வெற்றி கிடைத்தால்தான் பேச முடியும் என்பது பதில். தோக்கியோ எரிந்தது, ஒக்கினாவா, ஹிரோஷிமா, நாகசாகி எல்லாம் அந்தப் பதிலுக்குப் பிறகு வந்தவை. பொம்மை என்று நான் சொல்ல மாட்டேன்.

'பொம்மை' கதை வேரூன்றியதற்கு, தோற்ற ஜப்பானை நிர்வகித்த அமெரிக்க ஜெனரல் மெக்கார்தருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1946 ஜனவரியில் வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார்: பேரரசரைக் கூண்டில் ஏற்றினால் 10,00,000 படைவீரர்களாவது வேண்டும். அவரை வைத்துக்கொண்டு ஆள்வது சுலபம். பனிப்போர் முற்ற முற்ற மற்றவர்களும் தேவைப்பட்டார்கள். 1948 டிசம்பர் 23இல் போர்க்காலப் பிரதமர் டோஜோ உட்பட 7 பேருக்குத் தூக்கு. மறுநாளே சுகாமோ சிறையிலிருந்து கிஷி நொபுசுகே விடுதலை. டோஜோ அமைச்சரவையில் தொழில் அமைச்சர், போர்ப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். 1957இல் பிரதமர். 731ஐ நடத்திய இஷிக்கு, சோதனை விவரங்களை அமெரிக்காவிடம் கொடுத்ததால் வழக்கே இல்லை.

#9 தென்பெண்ணை

செல்வி, உங்கள் குடும்பத்தில் நடந்ததற்கு முன்னால் நான் வாதாட வரவில்லை. அந்தமானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேதாஜி 1943 டிசம்பர் கடைசியில் போர்ட் பிளேரில் கொடியேற்றிவிட்டுப் போனார். அடுத்த மாதம் 30ஆம் தேதி, இந்திய சுதந்திரச் சங்கத்தைச் சேர்ந்த 44 பேரை உளவாளிகள் என்று சொல்லி ஹம்ஃப்ரிகஞ்சில் நிற்க வைத்துச் சுட்டது ஜப்பான் படை. அவருடைய சங்கத்து ஆட்களையே.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆசியர்கள் இத்தனை பேர் செத்ததற்கு அந்த விசாரணையில் என்ன கணக்கு? வெள்ளைக்காரக் கைதிகளுக்காகத்தானே பெரும்பாலும் தூக்கு?

#10 கிள்ளான் செல்வி

அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். ரயில்பாதைக்கு யாருக்குத் தண்டனை? பாட்டி சொல்வார், முகாமில் அடித்தவர்களில் பாதிப் பேர் ஜப்பான்காரனே இல்லை, கொரியாக்காரன் என்று.

#11 கறையான்

செல்வி, உங்கள் பாட்டி சொன்னதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

கைதி முகாம்களில் காவலுக்குக் கொரியர்களையும் தைவான்காரர்களையும் அனுப்பினார்கள். இவர்கள் சிப்பாய்கூட இல்லை, படையோடு சேர்ந்த கூலி ஊழியர்கள், கடைசிச் சிப்பாய்க்கும் கீழே. மேலே அடி வாங்கிக் கீழே கொடுத்தார்கள். கைதிகள் தினமும் பார்த்த முகம் இவர்களுடையது. அதனால் போருக்குப் பின் அடையாளம் காட்டச் சொன்னபோது கை இவர்கள் பக்கம்தான் நீண்டது. பி, சி வகுப்பு விசாரணைகளில் (கைதிகளை வதைத்தது போன்ற போர்க்குற்றங்களுக்கானவை) 148 கொரியர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, 23 பேருக்குத் தூக்கு. அதாவது தென்பெண்ணை கேட்டது ஓரளவு சரி. வெள்ளைக்காரக் கைதிகளை அடித்ததற்காக, ஜப்பான் அடிமைப்படுத்திய கொரியர்களைத் தூக்கிலிட்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் சார்பாகக் கை காட்ட ஆளில்லை. இருந்தவர்கள் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள், அல்லது காட்டில் கிடக்கிறார்கள்.

உயிரோடு மிஞ்சிய கொரியர்கள் சுகாமோ சிறையில் இருக்கும்போதே 1952 ஏப்ரல் 28இல் சமாதான ஒப்பந்தம் அமலானது. அன்றோடு கொரியர்கள் ஜப்பானியக் குடிமக்கள் அல்ல. அப்படியானால் விடுதலை செய்யுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். குற்றம் செய்தபோது ஜப்பானியர்தானே, உள்ளேயே இருங்கள் என்றது நீதிமன்றம். வெளியே வந்தபின் முன்னாள் படையினருக்கான ஓய்வூதியம் கேட்டால், இப்போது நீங்கள் ஜப்பானியர் இல்லையே என்றது அரசு. மறுபடி வழக்கு. உங்கள் நிலை வருந்தத்தக்கது, ஆனால் சட்டம் இயற்ற வேண்டியது நாடாளுமன்றம் என்று சொல்லி அனுப்பிவிட்டது நீதிமன்றம்.

#12 நிலா (ஒசாகா)

அந்தச் சட்டத்துக்காக நாடாளுமன்ற அலுவலகங்களுக்கு நடையாக நடந்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவரும் 2021இல் இறந்துவிட்டார். தொண்ணூறு வயதுக்கு மேல். ரயில்பாதை முகாமில் காவலராக இருந்து தூக்குத் தண்டனை பெற்று, பிறகு குறைக்கப்பட்டவர். அதுவரை சட்டம் வரவில்லை.